ரஷ்ய எழுத்து மாதிரி தெரிவதெல்லாம் ரஷ்யன் இல்லை: மொழி தெரியாமலே பிரிப்பது எப்படி?

கேள்வி இதுதான். பழைய நோட்டு, நாணயம், தபால்தலை சேர்க்கிற ஒருவர் ரஷ்ய எழுத்து மாதிரி தெரிந்த எல்லாவற்றையும் ‘ரஷ்யா’ என்று எழுதிய ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறார். அதில் பல்கேரியாவும் மங்கோலியாவும் கலந்திருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த மொழிகளில் ஒரு சொல்கூடத் தெரியாமல் இவற்றைப் பிரிக்க முடியுமா என்று கேட்கிறார்.

தாராளமாக முடியும். படிக்கத் தெரிய வேண்டாம், உற்றுப் பார்க்கத் தெரிந்தால் போதும். ரஷ்ய எழுத்து மாதிரி தெரிகிற இந்த எழுத்துக்கு சிரிலிக் என்று பெயர். இதில் எழுதப்படும் பெரும்பாலான மொழிகளில் பக்கத்து மொழியில் இல்லாத ஓரிரண்டு எழுத்தாவது இருக்கும், அதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எந்த எழுத்து இல்லை என்று பார்ப்பது. பலரும் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், என் அனுபவத்தில் அதுதான் அதிகம் கைகொடுப்பது.

முதலில் அந்தக் கவரின் மேல் இருக்கிற பெயரை அடித்துவிடுங்கள். இது ‘ரஷ்ய எழுத்து’ என்று ஒரு பல்கேரியரிடம் சொன்னால் கோபம் வரும், நியாயமான கோபம்தான். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் பல்கேரியப் பேரரசில் உருவான எழுத்து இது, ரஷ்யாவுக்குப் பிறகுதான் போனது. இன்றும் மே 24 அங்கே இதற்காகவே அரசு விடுமுறை.

உங்களுக்கு எழுத்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, அதனால் ஆங்கில எழுத்தோடு ஒப்பிட்டு வடிவத்தை மட்டும் சொல்கிறேன். கையில் ஒரு லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பல இடங்களில் வித்தியாசம் ஒரு வால், ஒரு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

பழகுவதற்கு 1961ஆம் வருட சோவியத் ஒரு ரூபிள் நோட்டைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. விலையும் மலிவு, உங்கள் கவரிலேயே இருக்க வாய்ப்புண்டு. நம் ரூபாய் நோட்டின் பின்பக்கம் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கிறதே, அதே மாதிரி இதிலும் 15 குடியரசுகளின் 15 மொழிகளில் ‘ஒரு ரூபிள்’ என்று இருக்கும். அதில் லிதுவேனியன், லாத்வியன், எஸ்டோனியன் மூன்றும் ஆங்கில எழுத்தில், ஜார்ஜியனும் ஆர்மீனியனும் தங்கள் சொந்த எழுத்தில். அவற்றைக் கழித்தால் மிச்சம் பத்து, பத்தும் சிரிலிக்.

இப்போது லென்ஸை வைத்துப் பாருங்கள். கஸாக்கில் ‘பிர் சோம்’, கிர்கிஸிலும் ‘பிர் சோம்’. காதுக்கு ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் ‘பிர்’ என்பதன் நடு எழுத்து கஸாக்கில் ஆங்கிலச் சின்ன ‘ஐ’, கிர்கிஸில் திருப்பிப் போட்ட ஆங்கிலப் பெரிய ‘என்’. அந்த ஒரே எழுத்துதான் இரண்டு நாட்டையும் பிரிக்கிறது. அடுத்து உஸ்பெக்கில் ‘பிர் சூம்’, தாஜிக்கில் ‘யாக் சூம்’. இரண்டிலும் ‘சூ’வின் உயிர் ஆங்கில ‘ஒய்’ மாதிரி இருக்கும். அதன் தலையில் கிண்ணம் போல் வளைவு இருந்தால் உஸ்பெக், நேர்க்கோடு இருந்தால் தாஜிக். நோட்டு கசங்கி அழுக்காகி வளைவா கோடா என்று தெரியவில்லையா? கவலை வேண்டாம், முன்னால் இருக்கும் ‘ஒன்று’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘பிர்’ என்றால் துருக்கிக் குடும்பத்து மொழி. ‘யாக்’ என்றால் பாரசீகக் குடும்பம், தாஜிக் என்பது சிரிலிக்கில் எழுதப்படும் பாரசீகம்தானே.

உக்ரைனியன் அந்த நோட்டில் ‘ரூபிள்’ என்றே சொல்லாது, ‘கர்போவனெட்ஸ்’ என்று நீளமாக இருக்கும். பெலாரூஸியன் ‘அட்ஸின் ரூபெல்’. ரஷ்யனும் உக்ரைனியனும் ‘ஒடின்’ என்று ‘ஓ’வில் தொடங்கும் இடத்தில் இது ‘ஏ’யில் தொடங்கும், அதை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வரும். மால்டோவன் வரி ‘ஓ ருப்லெ’, அது ருமேனிய மொழியை சிரிலிக்கில் எழுதியது. கடைசியாக அஸர்பைஜானியும் துர்க்மென்னும். இரண்டிலும் ‘பிர் மனாத்’, எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இதைப் பிரிக்க உலகத்தில் யாராலும் முடியாது, எந்த ஆப்பாலும் முடியாது. நோட்டில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மொழி தெரிந்தவருக்கே இப்படிச் சில துணுக்குகள் பிடிபடாது, அதனால் தெரியவில்லை என்று விடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஏன் இப்படி ஒவ்வொன்றும் வால் முளைத்தும் தலையில் கோடு போட்டும் இருக்கின்றன? இந்த மத்திய ஆசிய மொழிகள் முன்பு அரபு எழுத்தில் இருந்தவை. 1920களில் சோவியத் அரசு அவற்றை ஆங்கில எழுத்து மாதிரியான லத்தீனுக்கு மாற்றியது, பத்துப் பதினைந்து வருடம் போவதற்குள் மனம் மாறி, 1930களின் கடைசியிலும் 1940ஐ ஒட்டியும் சிரிலிக்குக்கு மாற்றியது. ரஷ்யனில் இல்லாத ஒலிகளுக்குப் புது எழுத்து வேண்டுமல்லவா, அதை எல்லா மொழிக்கும் பொதுவாக வைக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்தார்கள். ‘ஜ’ ஒலிக்கு ரஷ்யாவுக்குள் பேசப்படும் தத்தாரில் ஒரு வடிவம், தாஜிக்கில் வேறு வடிவம், அஸர்பைஜானியில் மூன்றாவது. தொண்டை அடியில் வரும் ‘க’வுக்கு கஸாக்கில் ‘கே’யின் காலில் வால், தத்தாருக்குப் பக்கத்து மொழியான பஷ்கீரில் ‘கே’யின் தலையில் இடப்பக்கம் நீளும் கோடு. பக்கத்துப் பக்கத்து மக்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படிக்கச் சிரமப்பட வேண்டும் என்றே செய்ததாகச் சொல்பவர்கள் உண்டு. நோக்கம் எதுவோ, விளைவு நமக்கு வசதி.

ஆகவே முதல் விதி: எழுத்துக்கு வால், குறுக்குக்கோடு, தலைகீழ் வடிவம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் ஸ்லாவிய மொழியே (ரஷ்யன், உக்ரைனியன், பல்கேரியன், செர்பியன் அடங்கிய குடும்பம்) இல்லை. வலக்காலில் குட்டி வால் வைத்த சதுர ‘யு’வும் மூன்று பல் சீப்பும் மட்டும் ரஷ்யனிலேயே உண்டு, அவற்றை இதில் சேர்க்காதீர்கள். ரஷ்யா கவரிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள்.

அப்படித் தனியே வைத்ததைப் பிரிக்க நாணயப் பெயரே போதும். ஆங்கில ‘ஓ’வின் நடுவில் குறுக்கே கோடு போட்ட எழுத்து ஒரே சொல்லில் இரண்டு தடவை வருகிறதா? மங்கோலியா. ‘தோக்ரோக்’ என்ற சொல்லிலும் இரண்டு, சில்லறைக்கான ‘மோங்கோ’விலும் இரண்டு. மங்கோலியனில் உயிரெழுத்து இரட்டை இரட்டையாக வருவதும் அடையாளம், தலைநகர் உலான்பாதர் பெயரிலேயே ‘ஏ’ இரண்டு ஜோடி இருக்கும். இப்போதைய நோட்டு என்றால் இன்னும் சுலபம், மேலிருந்து கீழாக ஓடும் பழைய மங்கோலிய எழுத்தும் கூடவே இருக்கும். ஆனால் ஒன்று, கிர்கிஸிலும் அந்தக் கோடு போட்ட ‘ஓ’ உண்டு, இரட்டை உயிரும் உண்டு. ஆங்கில ‘ஹெச்’சின் வலக்காலில் வால் இருந்தால் அது மங்கோலியன் இல்லை.

கஸாக்கின் ‘தெங்கே’யில் அந்த வால் ‘ஹெச்’ நடுவிலேயே நிற்கும். கஸாக் நோட்டில் வங்கியின் பெயரைப் பாருங்கள்: முதல் சொல் வால் வைத்த ‘கே’யில் தொடங்கும், இரண்டாவது சொல் ஜப்பானின் யென் குறி மாதிரி, ‘ஒய்’யின் தண்டில் குறுக்குக்கோடு போட்ட எழுத்தில் தொடங்கும். அந்த யென் குறி எழுத்து நோட்டிலோ தபால்தலையிலோ தெரிந்தால் கஸாக்ஸ்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கிர்கிஸ் நாட்டின் ‘கே’க்கு வால் கிடையாது. தாஜிக் பணம் ‘சொமோனி’, அதன் கடைசி எழுத்து திருப்பிப் போட்ட ‘என்’, தலையில் நேர்க்கோடு. சொல்லின் கடைசியில் அந்தக் கோடு வருவது தாஜிக்கின் முத்திரை.

நம் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகிற கிர்கிஸ்தானிலிருந்து வரும் காகிதங்களுக்கும் இதே கதைதான். அங்கே கிர்கிஸ் அரசு மொழி, ரஷ்யனும் அதிகாரப்பூர்வ மொழி. ஒரே முத்திரையில், ஒரே பலகையில் இரண்டும் இருக்கும். ஒரு வரியைப் பார்த்து ‘ரஷ்யன்’ என்று முடிவு கட்டினால் பாதிதான் சரி.

இனி ஸ்லாவியக் கூட்டம். இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் முக்கால்வாசி எழுத்து பொது.

‘கோபெக்’ காசு மூன்றை எடுத்துக்கொள்வோம். ரஷ்யனில் ‘கொபெய்கா’, உக்ரைனியனில் ‘கொபீய்கா’, பெலாரூஸியனில் ‘கபெய்கா’. மூன்றுக்கும் ஒரே நீளம், ஏழு எழுத்து. இரண்டாவது எழுத்து ‘ஓ’வுக்குப் பதில் ‘ஏ’ என்றால் பெலாரூஸ், ஏனென்றால் அந்த மொழி அழுத்தமில்லாத ‘ஓ’வை உச்சரிக்கிறபடியே ‘அ’ என்று எழுதிவிடும், ரஷ்யன் பேசும்போது ‘அ’ என்று சொல்லிவிட்டு எழுதும்போது ‘ஓ’ போடும். நான்காவது எழுத்து ஆங்கில ‘ஐ’ போல் நேர்க்கோடாக நின்றால் உக்ரைன். இரண்டும் இல்லாவிட்டால் ரஷ்யா அல்லது சோவியத். பெலாரூஸ் காசு என்றால் ரொம்பப் பழையதாக இருக்காது, அந்த நாடு காசுகளைப் புழக்கத்தில் விட்டதே 2016 ஜூலையில்தான், அதுவரை எல்லாம் நோட்டுதான்.

உக்ரைனியனுக்கு இன்னும் உறுதியான அடையாளம் தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ‘ஐ’. ‘உக்ரைனா’ என்ற நாட்டுப் பெயரிலும் ‘கீயிவ்’ என்ற தலைநகரிலும் அது இருப்பதால் காசு, தபால்தலை எதில் தேடினாலும் கிடைக்கும். ரஷ்ய ராணுவம் பிடித்த ஊர்களில் உக்ரைனியர்கள் எதிர்ப்பாகச் சுவரில் இந்த ஓர் எழுத்தை மட்டும் எழுதி வைத்தார்கள், ரஷ்யனில் அது இல்லை என்பதுதான் அதன் அர்த்தமே. பெலாரூஸியனுக்கு, கிண்ணம் கவிழாமல் தலையில் உட்கார்ந்த ‘ஒய்’. பொலோட்ஸ்க் நகரத்தில் 2003இல் இந்த எழுத்துக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆமாம், மேலே உஸ்பெக்குக்கும் இதே எழுத்தைத்தான் சொன்னேன். குழம்ப வேண்டாம், உஸ்பெக்கில் பக்கத்திலேயே வால் எழுத்து ஏதாவது நிற்கும், பெலாரூஸியனில் அந்தச் சதுர ‘யு’வைத் தவிர வாலே கிடையாது, அதற்குப் பதில் நேர்க்கோட்டு ‘ஐ’ நிறைய இருக்கும். திருப்பிப் போட்ட ‘என்’ பெலாரூஸியனில் அறவே இல்லை. ஒரு முழுப் பத்தியில் அந்த எழுத்து ஒரு தடவைகூட வரவில்லை என்றால் அதுவே சாட்சி.

ரஷ்யனின் அடையாளம் என்ன? சின்ன ‘பி’யும் (b) பக்கத்தில் ஒரு நேர்க்கோடும் ஜோடியாக நிற்கும் எழுத்து, அப்புறம் இடப்பக்கம் திரும்பிய வட்ட ‘ஈ’. இவை உக்ரைனியனிலும் பல்கேரியனிலும் செர்பியனிலும் இல்லை. ஆனால் பெலாரூஸியனில் உண்டு, மங்கோலியனில் உண்டு, கஸாக்கில் உண்டு. ஆக, ரஷ்யனை நேரடியாகப் பிடிக்க முடியாது, மற்றவை ஒவ்வொன்றையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் ரஷ்யன். ரஷ்யனில் தொடங்கி மற்றவற்றுக்குப் போகிறவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பேன்.

பால்கன் பக்கம் வேறு கதை. சிரிலிக்குக்கு நடுவே அச்சு அசலான ஆங்கில ‘ஜே’ தெரிந்தால் செர்பியன் அல்லது மாசிடோனியன். 1818இல் செர்பிய மொழி அறிஞர் வூக் கராஜிச் தன் அகராதியில் ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்று செர்பிய எழுத்தைச் சீர்திருத்தியபோது லத்தீனிலிருந்து கொண்டுவந்தது அது, தேவாலயத்தார் அதற்காக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். ‘ஜே’ வந்ததும் திரும்பி நிற்கும் ‘ஆர்’ போன்ற எழுத்து வேலையிழந்து போய்விட்டது. ஆகவே திரும்பிய ‘ஆர்’ இருந்தால் செர்பியாவும் இல்லை, மாசிடோனியாவும் இல்லை. யூகோஸ்லாவியத் தபால்தலையில் நாட்டின் பெயரே ‘ஜே’யில்தான் தொடங்கும், அதை ரஷ்யா கவரில் போடுவது கொஞ்சம் அநியாயம்.

செர்பியனையும் மாசிடோனியனையும் பிரிக்க எனக்குப் பிடித்த சாட்சி பழைய யூகோஸ்லாவிய தினார் நோட்டு. அதில் வங்கியின் பெயர் சிரிலிக்கில் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று ‘நரோத்னா பங்கா யுகோஸ்லாவியே’. இன்னொன்று ‘நரோத்னா பங்கா நா யுகோஸ்லாவியா’. முதலாவது செர்பியன், ‘உடைய’ என்ற பொருளை நாட்டுப் பெயரின் கடைசி எழுத்தை மாற்றிக் காட்டுகிறது. இரண்டாவது மாசிடோனியன், வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்துபோன மொழி, அதனால் நடுவில் ‘நா’ என்று ஒரு குட்டிச் சொல்லைச் செருகுகிறது. ஈரெழுத்துச் சொல், ஆங்கில ‘ஹெச்’சும் ‘ஏ’யும் சேர்ந்தது போல் தெரியும். ரஷ்யனிலும் வேறு பொருளில் இந்தச் சொல் உண்டு என்றாலும், வரிக்கு வரி அது வந்துகொண்டே இருந்தால் மாசிடோனியன் அல்லது பல்கேரியன். நீளமான எழுத்து கிடைத்தால் இன்னும் எளிது: ‘கே’யின் தலையில் சாய்ந்த கீற்று இருந்தால் மாசிடோனியன், சின்ன ‘ஹெச்’சின் கழுத்தில் சிலுவைக்கோடு இருந்தால் செர்பியன்.

பல்கேரியனுக்கு ‘ஜே’ கிடையாது, திரும்பிய ‘ஆர்’ உண்டு. நாட்டின் பெயரில் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள்: சின்ன ‘பி’ (b) போல் வயிறும், தலையில் இடப்பக்கம் நீட்டிய சின்னக் கொடியும். ரஷ்யனில் இந்த எழுத்துக்கு ஒலியே கிடையாது, எப்போதாவது ஒரு சொல்லின் நடுவில் தலைகாட்டும். பல்கேரியனில் அது முழு உயிரெழுத்து, வரிக்கு இரண்டு மூன்று வரும். தபால்தலை என்றால் ‘தபால்’ என்ற சொல்லையும் பார்க்கலாம்: ரஷ்யனில் ‘போச்தா’, உக்ரைனியன், பெலாரூஸியன், செர்பியன், மாசிடோனியனில் ‘போஷ்தா’, பல்கேரியனிலும் அதே ‘போஷ்தா’தான் என்றாலும் ‘ஷ்த’ இரண்டையும் ஒரே எழுத்தில், மூன்று பல் சீப்புக்கு வலப்பக்கம் வால் வைத்த மாதிரி எழுதும். மங்கோலியனில் சம்பந்தமே இல்லாமல் ‘ஷூதான்’.

இங்கே ஒரு பெரிய பொறி. 1918க்கு முந்தைய ரஷ்யக் காசும் நோட்டும் இந்த விதிகளை எல்லாம் ஏமாற்றும். ஜார் காலத்து எழுத்துமுறையில் மெய்யில் முடியும் சொல் ஒவ்வொன்றின் கடைசியிலும் அந்தக் கொடி வைத்த எழுத்து நிற்கும், ‘ரஷ்ய’ என்ற சொல்லுக்குள்ளேயே உக்ரைனியன் மாதிரி நேர்க்கோட்டு ‘ஐ’யும் இருக்கும். புரட்சிக்குப் பிறகு 1918இல் சீர்திருத்தம் செய்து அவற்றைக் கழித்தார்கள். ஆகவே இரட்டைத்தலைக் கழுகு போட்ட ஐந்து கோபெக் காசைப் பார்த்து ‘கொடி இருக்கிறதே, பல்கேரியா’ என்று போய்விடாதீர்கள். கொடி சொல்லின் நடுவில் என்றால் பல்கேரியா, சொல்லுக்குச் சொல் கடைசியில் என்றால் பழைய ரஷ்யா. இந்தச் சூத்திரமும் 1945க்குப் பிந்தைய பல்கேரியாவுக்குத்தான் முழுதாகச் செல்லும், அதற்கு முன் அவர்களும் கடைசியில் கொடி நட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அப்போது வருடத்தையும் சின்னத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று, ரஷ்யனில் ‘ஈ’யின் தலையில் இரட்டைப் புள்ளி வைத்த எழுத்து ஒன்று உண்டு, ஆனால் அச்சில் பாதி நேரம் புள்ளியை விட்டுவிடுவார்கள். அது இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் சிறு மொழிகள் உங்கள் கவரில் இருக்க வாய்ப்பு குறைவு, இருந்தாலும் ஓரிரண்டு சொல்லிவிடுகிறேன். ‘ஏ’யும் ‘ஈ’யும் ஒட்டிப் பிறந்த எழுத்து வரிக்கு வரி வந்தால் ஒஸெட்டியன், வேறெதுவும் இல்லை. சொற்களுக்கு நடுவே ஆங்கிலப் பெரிய ‘ஐ’ மாதிரி ஒரு மொட்டைக் கோல் நின்றால் செச்சென், அவார் மாதிரி காகசஸ் மலை மொழி. அந்தக் கோல் கீபோர்டில் கிடைக்காமல் அந்த மக்களே 1 என்ற எண்ணைத் தட்டிவிடுவார்கள், சொல்லுக்கு நடுவில் எண் இருந்தால் திகைக்க வேண்டாம். ‘சி’யின் அடியில் வாலும், கூடவே ‘ஏ’ ‘ஈ’ தலைகளில் கிண்ணமும் இருந்தால் சுவாஷ்.

மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பலாமா என்றும் கேட்பீர்கள். நீளமான பத்தி என்றால் நம்பலாம். காசில் இருக்கிற ஒரு சொல், இரண்டு சொல்லுக்கு நம்பாதீர்கள், சந்தேகம் வந்தால் அது ரஷ்யன் பக்கம் சாய்ந்துவிடும், வாலையும் கிண்ணத்தையும் கேமரா அழுக்கு என்று தள்ளிவிடும். நீங்கள் தேடுவதோ அந்த வாலைத்தான்.

பிரிக்க உட்காரும்போது இந்த வரிசையில் போங்கள். வால், குறுக்குக்கோடு இருப்பதை முதலில் ஒதுக்குங்கள். அடுத்து ‘ஜே’ இருப்பது. அடுத்து நேர்க்கோட்டு ‘ஐ’. அடுத்து நடுவில் கொடி. கடைசியில் கவரில் கிடப்பதுதான் ரஷ்யா. பல்கேரிய லெவ் நோட்டு கிடைத்தால் வருடம் பாருங்கள். 1999இல் மூன்று பூஜ்யத்தை வெட்டினார்கள், அதற்கு முந்தையது ஆல்பத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிந்தையது என்றால் வேறு விஷயம்: 2026 ஜனவரி 1 முதல் அந்த நாடு யூரோவுக்கு மாறிவிட்டது, ஆனால் பல்கேரிய மத்திய வங்கி புது லெவ்வைக் காலவரம்பு இல்லாமல், கட்டணமும் இல்லாமல் யூரோவாக மாற்றித் தருகிறது. ஒரு யூரோவுக்கு 1.95583 லெவ்.